அக்காவுக்கு எந்த முட்டி வலித்தது?

எங்கள் காம்பவுண்டின் மாடி வீட்டில் குடியிருந்த அந்த அக்காவுக்கு உண்மையிலேயே முட்டி வலி இருந்ததா?

இதற்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "அவளுக்கு முட்டி வலியா? தண்ணி லாரி வந்தா ரெண்டு கையிலயும் ரெண்டு குடம் தூக்கினு தடதடன்னு மாடி ஏறுவா" என்றாள். ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கிக்கொண்டே, "ஆனா சாயந்தரமானா தைலம் தேச்சிக்குவா. மாடிப்படி பூரா அந்த வாசனதான்" என்றாள். அம்மாவிடம் எதைக் கேட்டாலும் இரண்டு பதில் கிடைக்கும். பிடித்ததை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போகத் தெரிந்தவர்கள் உண்டு. நான் இரண்டையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, எது சரி என்று குக்கர் விசிலை மறந்துவிட்டு நிற்கிறவள்.

அக்கா வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் பட்டறையில் நூல் பிசிறு வெட்டினாள். தைத்து வந்து குவியும் சட்டைகளில் தொங்கும் நூல்களைத் தரையில் காலை மடித்து உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்தரிக்கும் வேலை. அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். வருகிற வரன் எல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காம்பவுண்டுப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவாள். பெரியவர்களும் தொல்லை விட்டது என்று அனுப்பிவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் அவள் பேசுகிற பேச்சைக் கேட்டால் இமயமலைக்குப் போகிறோம் என்று தோன்றும்.

"இன்னிக்கு மலை ஏர்றோம் பா. பாதில அழுவுறவன் இப்பவே சொல்லிடு. தண்ணி பாட்டிலு எட்த்துக்கோ. தொப்பி கீறவன் போட்டுக்கோ, இல்லாதவன் கீறவன் பக்கத்துல நட."

மலை என்று அவள் சொன்னது ரயில்வே மேம்பாலத்தை. திருவொற்றியூரில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் பக்கத்தில் பூமி தோசைக்கல் மாதிரி தட்டை. ஏறுவதற்கு என்று இருப்பது மேம்பாலம். பார்ப்பதற்கு உயரமாக இருப்பது புகைபோக்கி. அதனால் மேம்பாலத்தில் ஏறினால் ஒரு பக்கம் கடலும் அதில் துறைமுகத்துக்குள் போக முறை வைத்துக் காத்து நிற்கும் கப்பல்களும், மறுபக்கம் தண்டவாளமும் கூரைகளும் தெரிவது எங்களுக்கு மலைக்காட்சிதான்.

ஆனால் அக்கா ஒரு நாளும் மேம்பாலத்தின் உச்சிக்குப் போனதில்லை. பாதியில் நின்றுவிடுவாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரத்துத் திட்டில் உட்கார்ந்துவிடுவாள்.

"முட்டி பேஜார் பண்ணுது பா. நீங்க போய்ட்டு வாங்க. ஏ பாப்பா, நீ மட்டும் எனக்குத் தொணைக்கு இரு."

பாப்பா என்பது நான். மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏதாவது லாரிக்காரன் இடித்துவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அவளுக்கும் சாலைக்கும் நடுவில் உட்காரப் பார்ப்பேன். அவள் என்னைத் தூக்கி உள்பக்கம் வைப்பாள். கடலைப் பார்த்தபடி, மிக உயர்ந்த உண்மை ஒன்றைச் சொல்வதுபோலச் சொல்வாள்.

"மேல போனாலும் இதேதான் பா தெரியும். கொஞ்சம் பெர்சா தெரியும், அவ்ளோதான்."

பிள்ளைகள் அவளுக்குப் 'பாதி வழி அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "முழு வழி போனவன்லாம் இன்னாத்த கண்டுட்டான், திரும்பி எறங்கித்தானே வந்தான்?" என்பாள்.

எங்கே போனாலும் இப்படித்தான். தீபாவளிக்குத் துணி எடுக்க வண்ணாரப்பேட்டைக்கு எங்களையும் அழைத்துப் போவாள். பெரிய கடையில் நல்ல துணி, மலிவான துணி எல்லாம் மேல் மாடியில்தான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வியாபாரத்திலேயே இருப்பவள். இருந்தாலும் முதல் மாடியோடு நின்றுவிடுவாள். "மேல போனாலும் இதே துணிதான் தொங்கினு இருக்கும்" என்று சொல்லி, ஸ்டூல் ஒன்றைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் என்னை நிறுத்திக்கொள்வாள். கடைக்காரர் ஜூஸ் கொண்டுவந்தால் எனக்குக் கொடுத்துவிடுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே திருத்தணி. அக்காவுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று அவள் அண்ணிதான் வேண்டிக்கொண்டாள். காம்பவுண்டே ஒரு வேன் பிடித்துப் போனது. படி வழியாக ஏறி வருவதாக வேண்டுதல். அக்கா புதுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, "இன்னிக்கு முருகரு என் ஜாதகத்தக் கையில வாங்கி வச்சுக்குவாரு பாரு" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தபடி ஏறினாள். பாதிக்குக் கொஞ்சம் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு முடில அண்ணி. முட்டி நோவுது."

"ஏண்டி, உனக்குத்தானே வேண்டுதலு? நீ இல்லாம நான் மேல போய் இன்னாடி சொல்றது?"

"சாமிக்குத் தெரியாதா, நான் இங்க குந்தினு கீறேன்னு? எட்டிப் பாக்கச் சொல்லு."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு மேலே போனாள். என் அம்மாவும் போனாள். நான் வழக்கம்போலத் துணைக்கு இருந்தேன். கீழே கோயில் குளம் வெயிலில் தகதகத்தது. நான் அதுவரை அவ்வளவு தண்ணீரை, கடலைத் தவிர, மேலேயிருந்து பார்த்ததில்லை. "ஏரியாக்கா?" என்று கேட்டேன். "ஏரியேதான். மலை மேலருந்து ஏரி பாத்தவ நீ. ஸ்கூல்ல போய்ச் சொல்லு" என்றாள். சொன்னேன். டீச்சர் அது குளம் என்றார். நான் டீச்சரை நம்பவில்லை.

இத்தனை வருடம் இந்தக் கதைகளை நான் ஒரே மாதிரிதான் வைத்திருந்தேன். முட்டி வலிக்காரியான ஒரு அக்கா, பொறுப்பாக அவளைப் பார்த்துக்கொண்ட நான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இனி என் கதை. இதில் பெருமைக்கு இடம் கிடையாது.

என் மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். அவளுக்கு வீசிங் உண்டு. அவ்வப்போது வரும், பஃப் அடித்தால் போகும். எனக்கும் சின்ன வயதில் இதே இழுப்பு இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிக்கு இருக்கும். ஜன்னல் கட்டையில் விரலை வைத்தால் கறுப்பாக வருகிற ஊர். மற்ற தாய்மார்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் எடுத்துக்கொண்டேன். வேன் டிரைவரிடம் சொன்னேன். மிஸ்ஸிடம் சொல்லி ஓட்டப் பந்தயத்திலிருந்து பெயரை எடுக்கச் சொன்னேன். ஐஸ்கிரீம் கடைக்காரரிடம்கூடச் சொல்லி வைத்தேன். அவர் என்னைக் கண்டாலே பெட்டியை மூடுகிறார்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மாடிப்படியில், "ஓடி வா கண்ணு, முறுக்கு தரேன்" என்று கூப்பிட்டார். என் மகள் நின்ற இடத்திலிருந்தே மரியாதையாகச் சொன்னாள்:

"நான் ஓடக் கூடாது பாட்டி. நான் வீசிங் பாப்பா."

கண்டெய்னர் யார்டில் ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "நீ சொல்லிகினு இருக்கறதப் பாத்து, பேரே அதுதான்னு நெனச்சிடிச்சோ இன்னாவோ" என்றார்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். என் மகள் ஒரு மலை ஏற வேண்டும். ஏறிவிட்டு, 'நான் மலை ஏறியவள்' என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். சின்ன மலை போதும். சுலபமான மலை. உட்கார்ந்தால் ஏரி தெரிய வேண்டும், ஏனென்றால் உட்காருவதற்கு ஒரு காரணம் வேண்டும்.

ஏலகிரி என்று முடிவானது. ஜோலார்பேட்டை வரை ரயில், அப்புறம் பஸ். தங்கப்போகும் லாட்ஜுக்குப் பின்னாலிருந்து ஒரு மண்பாதை மேலே போகிறது, ஏற ஏற ஏரி தெரியும், 'மிக எளிதான நடை' என்று இணையத்தில் நிறைய பேர் எழுதியிருந்தார்கள். யாருக்கு எளிது என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதியவர்களின் படங்களைத் திறந்து அவர்களுடைய கெண்டைக்கால்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை. லாட்ஜுக்கே போன் செய்தேன்.

"அந்தப் பாதை ரொம்ப ஏத்தமா இருக்குமா சார்?"

"மலைன்னா ஏத்தமாத்தான் மேடம் இருக்கும்."

"இல்ல, சின்னக் குழந்தை ஏறுமான்னு…"

"கொழந்தைங்கல்லாம் ஏறிடும் மேடம். கூட வர்றவங்கதான்…" என்று இழுத்துவிட்டு, "சாப்பாடு சொல்லிடவா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

டாக்டரிடம் போனேன். "தாராளமா நடக்கலாம், பஃப் கையில இருக்கட்டும்" என்றார். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்னொரு டாக்டரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். மூன்றாவதாக ஒருவரைப் போனில் தேடிக்கொண்டிருந்தபோது கணவர் போனைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். நெபுலைசர், அது கெட்டுப்போனால் இன்னொரு நெபுலைசர் என்று நான் பையில் அடுக்குவதைப் பார்த்து, "மலைக்குப் போறமா, ஆஸ்பத்திரி மாத்துறமா?" என்றார்.

பழக்கத்துக்காகத் தினமும் மாலையில் மகளை மேம்பாலத்துக்கு அழைத்துப் போனேன். அதே மேம்பாலம். முதல் நாள் பாதி ஏறியதும் அவளுக்கு மூச்சு லேசாக விசிலடிக்க ஆரம்பித்தது. 'உனக்கு முடியலை, உட்காரு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், வீசிங் பாப்பா என்று இன்னொரு முறை முத்திரை குத்தினாற்போல் ஆகும். இடது முட்டியைப் பிடித்துக்கொண்டேன். திறந்த வாயிலிருந்து வந்தது இது:

"அம்மாவுக்கு முட்டி வலிக்குதுடா. நீ கொஞ்சம் துணைக்கு உக்காரு."

மகள் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் சாலைக்கும் நடுவில் வந்து உட்காரப் பார்த்தாள். அவளைத் தூக்கி உள்பக்கம் வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எனக்கு இழுப்பு இருந்தது அந்த மாடி வீட்டு அக்காவுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம? நான்தானே ஒவ்வொரு வாட்டியும் சொல்லி அனுப்புவேன். பாப்பாவுக்கு இழுப்பு வரும், பாத்து இட்டுனு போன்னு."

மேம்பாலத்தில் எனக்கு மூச்சு வாங்கியதா? வாங்கியிருக்கும். நினைவில்லை. துணிக்கடையில் பஞ்சுத் தூசிக்கு நான் இருமியிருப்பேன். நினைவு முழுக்க அவளுடைய முட்டியே நிறைந்துகிடந்ததால் என் மூச்சுக்கு அங்கே இடமே இருந்திருக்கவில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. வீட்டில் நான் இழுப்புக்காரி. பள்ளியில் இழுப்புக்காரி. அவளோடு போன ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் யாரையோ காப்பாற்றிக் கூட்டிப்போகிறவள்.

திருத்தணிதான் உறுத்துகிறது. முட்டி வலி நிஜம் என்றால் ஒன்றுமில்லை. நான் துணைக்கு இருந்தேன், அவ்வளவுதான். பொய் என்றால், தன் கல்யாண வேண்டுதலுக்கு என்று பூ வைத்துப் போனவள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூச்சுக்காகச் சாமியைப் பார்க்காமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறமும் அவளுக்குக் கல்யாணம் வெகுநாள் கூடிவரவில்லை. அண்ணி அதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு வரன் அமைந்து கிளம்பினாள். சீர்ச் சாமான் ஏற்றிய டெம்போவின் பின்பக்கத்தில் ஒரே தாவாகத் தாவி ஏறியதை நான் பார்த்தேன். ஏறி பீரோ பக்கத்தில் உட்கார்ந்தவள், நான் நிற்பதைக் கண்டதும் சட்டென்று முட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நோவுது பா" என்று முகத்தைச் சுளித்தாள். அப்புறம் அவளைப் பற்றித் தகவல் இல்லை.

ஏலகிரிக்குப் போனோம். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் மகள் சிரித்தாள்; நான் கண்ணை மூடிக்கொண்டேன். காலையில் பாதையில் இறங்கினோம், அதாவது ஏறினோம். கணவர் வெறுங்கையோடு முன்னால். மகள் நடுவில். இரண்டு நெபுலைசர், பிளாஸ்க், போர்வை, மாற்று உடை, குடை எல்லாம் அடங்கிய பையோடு நான் கடைசியில், அவள் முதுகின் ஏற்ற இறக்கத்தை எண்ணியபடி. அவள் மூச்சு சீராக இருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு மூச்சு விசிலடித்தது. பஃப்பைக் கையில் எடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச தூரத்தில்தான் அது என்னுடையது என்று தெரிந்தது.

மகள் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். குனிந்து தன் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு முட்டி வலிக்குது. உக்காரலாமா?"

நான் பதறிப்போய்ப் பையைப் போட்டு, காலைத் தூக்கிப் பார்த்து, தேள் கடித்திருக்குமோ என்று செருப்பைக் கழற்றி உதறினேன். ஒன்றுமில்லை. பாறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கீழே மரங்களுக்கு நடுவில் ஏரி. மிதிபடகுகள் சட்டைப் பொத்தான் மாதிரி சிதறிக்கிடந்தன. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மேம்பாலத்தில் தினமும் நான் உட்கார்ந்து சொல்லக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அக்காவின் வாக்கியத்தை எனக்கே திருப்பிச் சொன்னாள்.

"மேல போனாலும் இதேதாம்மா தெரியும். கொஞ்சம் பெருசா தெரியும்."

எனக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டுக்குட்டி பாதையில் ஓடியது. வலித்த முட்டியோடு அவள் எழுந்து அதன் பின்னால் மேல்நோக்கி ஓடினாள். ஓடினாள் என்றால், ஓடினாள். 'ஓடாதே' என்பது என் தொண்டைவரை வந்தது. கத்தும் அளவுக்கு இன்னும் மூச்சில்லாததால் நல்லவேளையாக அங்கேயே நின்றுவிட்டது. மேலே கணவர் சிரிப்பது கேட்டது.

"இன்னாடா, கால் வலின்னே?"

"எனக்கில்லப்பா. அம்மாவுக்குத்தான் மூச்சு வாங்குச்சு. சொல்லாத." குழந்தைகள் ரகசியம் பேசினால் மலைக்கே கேட்கும்.

நான் பையோடு பாதி வழியில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவள் இறங்கி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. எனக்காகவே விசாரித்துக்கொண்டு வந்ததுபோல அறிவித்தாள்.

"அம்மா, மேல போனா ஏரி பெருசா தெரியலம்மா. இன்னும் சின்னதாத்தான் தெரியுது."

ஆமாம், சின்னதாகத்தான் தெரியும். பாதியிலேயே உட்கார்ந்துவிட்ட அக்காவுக்கும் எனக்கும் அது எப்படித் தெரிந்திருக்கும்?

ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. பெரியம்மாவிடம், "நான் மலை ஏறினேன் பாட்டி" என்று சொன்னாள். அது நடந்துவிட்டது, அதற்காகத்தான் போனேன். ஆனால் கூடவே, "எங்க அம்மாவால முடியல, பாவம், முட்டி வலி" என்றும் சொல்லி வருகிறாள். மாமியார் காய்ச்சிய எண்ணெய் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வேன் டிரைவர் வண்டியை வாசல்வரை கொண்டுவருகிறார். ஐஸ்கிரீம் கடைக்காரர் எனக்கு ஸ்டூல் போடுகிறார்.

இப்போது உங்களைத்தான் கேட்கிறேன். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். முட்டி வலி பொய் என்று மகளிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் ஏன் பொய் சொன்னாய் என்பாள். அதற்கு நான் சொல்ல வேண்டிய விடை அவளுடைய மூச்சு; மறுபடி வீசிங் பாப்பா ஆகிவிடுவாள். சொல்லாவிட்டால் இந்த வயதில் அவள் என்னைத் தாங்கிப்பிடித்து நடக்கிறாளே, அது சரியா? அந்த அக்கா கடைசிவரை சொல்லவில்லை. அவள் செய்தது சரியா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருப்பவர்கள் முடிந்தால் அவளையே கேட்டுச் சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். நேற்று மேம்பாலத்தில் வழக்கம்போல உட்கார்ந்து வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். மகள் என் கையை மெதுவாக எடுத்து இடது முட்டியில் வைத்தாள்.

"இதும்மா" என்றாள்.